ஆம், இல்லை, வரவில்லை

யாழ்ப்பாணத் தீவகத்திலுள்ள வேலணையின் பாராளுமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் இன்று ஆறு பெயர் சொல்லவேண்டும். 2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. கருணநாதன் இளங்குமரன், ஜெயச்சந்திரமூர்த்தி றஜீவன், சண்முகநாதன் ஸ்ரீபவானந்தராஜா ஆகியோர் அந்த வழியில் வந்தவர்கள். தமிழரசுக் கட்சிக்குச் சிவஞானம் சிறீதரன், தமிழ்க் காங்கிரசுக்குக் கஜேந்திரகுமார் பொன்னம்பலம், சுயேச்சைக் குழுவிலிருந்து இராமநாதன் அர்ச்சுனா. யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்ற இரண்டு நிர்வாக மாவட்டங்கள் சேர்ந்ததே இந்தத் தேர்தல் மாவட்டம். பளைக்கும் பருத்தித்துறைக்கும் நெடுந்தீவுக்கும் அதே ஆறு பேர்தான். குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்பவர் தன் குறையை இவர்களில் யாரிடம் சொல்வது, பிறகு யாருடைய கணக்கைப் பார்ப்பது?

ஒரு காலத்தில் இது சின்னக் கேள்வி. 1947 முதல் வேலணை அடங்கிய ஊர்காவற்றுறை தனித் தொகுதி. ஒரு தொகுதிக்கு ஒரு ஆள். முதலில் அல்பிரட் தம்பிஐயா, 1956 முதல் வி. ஏ. கந்தையா, 1963 இடைத்தேர்தலிலிருந்து கரம்பனைச் சேர்ந்த வி. நவரத்தினம், 1970 முதல் வேலணையிலேயே பிறந்த பண்டிதர் கா. பொ. இரத்தினம். அவர் என்ன பேசினார், எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று தேட ஒரு பெயரைப் பின்தொடர்ந்தால் போதும். 1978 அரசியலமைப்பு விகிதாசாரத் தேர்தலைக் கொண்டுவந்தது. 1989இல் முதன்முதலாக அந்த முறையில் பொதுத்தேர்தல் நடந்தது. தொகுதி வெறும் வாக்கெண்ணும் பிரிவாகச் சுருங்கியது. மாவட்டத்தின் ஆசனங்களும் கரைந்தன: 2010இல் 9, 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6. ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து கழிந்ததன் விளைவு அது. தீவகத்தைப்போல் அப்படிக் காலியான இடம் யாழ்ப்பாணத்தில் குறைவு.

உறுப்பினர் ஒருவரின் வாக்குப் பதிவையும் பேச்சுப் பதிவையும் பின்தொடர்வது புதிய பழக்கம், இணையம் வந்தபின் வந்த மோஸ்தர் என்று நினைப்பவர்கள் உண்டு. தமிழ் அரசியலைப் பொறுத்தவரை அது தவறு. இன்றைய யாழ்ப்பாணத்தின் இரண்டு பழைய கட்சிகள் பிரிந்ததே ஒரு வாக்கெடுப்பில். 1948 ஓகஸ்டில் வந்த இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமூலத்தைத் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் எதிர்த்து வாக்களித்தார். அடுத்த மாதம் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டமூலம் வந்தபோது ஆதரவாக வாக்களித்தார். அவருடைய கட்சியிலிருந்த செல்வநாயகம் எதிர்த்தார். சி. சுந்தரலிங்கம் அமைச்சுப் பதவியையே விட்டு வெளியேறினார். ஒரு வருடம் கழித்து, 1949 டிசம்பர் 18ஆம் திகதி செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது.

இதற்குப் பிறகு எழுபத்தைந்து வருட மேடைப்பேச்சு. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்குக் கை தூக்கியவர் ஜி. ஜி. என்று ஒரு தரப்பு. இல்லை, அவர் எதிர்த்தார் என்று மறுதரப்பு. இரண்டு பேரும் பாதி சரி, ஏனென்றால் சட்டங்கள் இரண்டு, வாக்குகளும் இரண்டு. பாராளுமன்ற உரைப் பதிவேடான ஹன்சாட்டின் இரண்டு தொகுதிகளை அருகருகே விரித்தால் ஒரு பின்னேரத்தில் தீர்ந்துவிடக்கூடிய வழக்கு இது. அப்படி விரித்துப் பார்த்தவர்கள் குறைவு என்பதால்தான், ஜி. ஜி.யின் பேரன் கஜேந்திரகுமார் நிற்கும் தேர்தலிலும் அந்த 1948 இன்னும் விலைபோகிறது.

தீவகத்துக்கே உரிய கதையும் உண்டு. 1965இல் தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்கவின் அரசில் பங்காளியானது. 1968இல் அந்த அரசு ஆட்பதிவுச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கும் தேசிய அடையாள அட்டையின் மூலம் அதுதான். ஊர்காவற்றுறை உறுப்பினர் நவரத்தினம் தன் கட்சி நின்ற பக்கத்துக்கு எதிராக நின்றார். கட்சி அவரை வெளியேற்றியது. அவர் தமிழர் சுயாட்சிக் கழகம் என்று தனிக்கட்சி தொடங்கி, 1970 தேர்தலில் அதே தொகுதியில் நின்றார். தமிழரசு வேட்பாளர் கா. பொ. இரத்தினம் வென்றார். அடையாள அட்டைக்காகத்தான் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள் என்று சொல்வதற்கில்லை; கட்சிச் சின்னத்தின் இழுவை அன்றைக்குப் பெரியது. ஆனால் ஒருவர் எங்கே, எதற்காக முரண்பட்டார் என்பது பதிவில் இருந்தது, அவரை அதே மக்கள் முன் நிறுத்தி எடைபோட ஒரு தேர்தலும் இருந்தது. இன்றைய முறையில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்வது அபூர்வம்.

இரத்தினத்தின் பதிவோ வேறு மாதிரி முடிந்தது. 1983 நடுப்பகுதியிலிருந்து அவரும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் பாராளுமன்றத்தைப் புறக்கணித்தார்கள். 1977இல் கிடைத்த ஆறு வருட ஆணை முடிந்த பிறகும் ஆசனத்தில் இருக்கக்கூடாது என்று ஆயுத இயக்கங்கள் அழுத்தம் கொடுத்தன. ஜூலைக் கலவரம் நடந்தது. ஓகஸ்டில் நிறைவேறிய ஆறாவது திருத்தம், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னது. அரசியலமைப்பின் 66ஆம் உறுப்புரைப்படி, சபையின் அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் சமூகமளிக்காத உறுப்பினரின் ஆசனம் வெறிதாகும். 1983 ஒக்டோபர் 22ஆம் திகதி வேலணைப் பண்டிதரின் ஆசனம் அப்படிப் போனது. வரவுப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் ஒரு கணினிக் கணக்குக்கு இவர் வேலைக்கு வராதவர். அந்தத் தொகுதி வரலாற்றிலேயே கனமான அரசியல் முடிவு அந்த வராமைதான். ஆகவே வராமையையும் ஒரு வாக்காக எண்ணாத எந்தப் பதிவும் வடக்குக்குப் பொருந்தாது. ஏன் வரவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் தனியாக விசாரிக்கவேண்டும்.

அதற்கு நேர்மாறான ஒரு காட்சி 1994 ஓகஸ்டில். குடாநாடு விடுதலைப் புலிகளிடம் இருந்தது, அங்கே வாக்களிப்பு நடக்கவில்லை. படையினர் வசமிருந்த தீவகத்தில் நடந்தது. டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி சுயேச்சைக் குழுவாக நின்று பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகள் பெற்றது; அதற்குக் கிடைத்தவை ஒன்பது ஆசனங்கள். யாழ்ப்பாணம் முழுவதுக்கும் ஆன ஒன்பது உறுப்பினர்களைத் தீவகத்தின் சில ஆயிரம் பேர் அனுப்பிவைத்தார்கள். சந்திரிகாவின் அரசு ஒற்றை ஆசனப் பெரும்பான்மையில் தத்தளித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஒன்பது கைகளும் சபையில் பெறுமதியானவை. தீவகத்து வாக்குக்கு அத்தனை எடை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அவ்வாறு அனுப்பப்பட்டவர்கள் எந்த வாக்கெடுப்பில் எப்படி நின்றார்கள் என்று அல்லைப்பிட்டியிலோ மண்கும்பானிலோ உட்கார்ந்து கணக்குக் கேட்கும் நிலை அன்று யாருக்கும் இருக்கவில்லை.

இனிப் பதிவு எப்படி உண்டாகிறது என்று பார்க்கலாம். பலருக்கு இங்கேதான் முதல் ஏமாற்றம். தியவன்னாவிலுள்ள பாராளுமன்றத்தில் நடப்பவற்றில் பெரும்பகுதிக்கு வாக்குப் பதிவே கிடையாது. சபாநாயகர் வினாவை முன்வைப்பார். ஒரு பக்கம் "ஆம்" என்று ஒலிக்கும், மறுபக்கம் "இல்லை" என்று ஒலிக்கும். எந்தச் சத்தம் பெரிது என்று அவர் தீர்ப்பார். யாராவது ஒருவர் எழுந்து பெயர்வாரி வாக்கெடுப்புக் கேட்டால்தான் யார் எந்தப் பக்கம் என்பது எழுத்தில் ஏறும். கேட்காவிட்டால் 225 பேரும் அந்தச் சத்தத்துக்குள் மறைந்துவிடுவார்கள். வருடம் முழுக்க நிறைவேறும் சட்டங்களில் பெயர்வாரியாகப் பதிவானவற்றை மட்டும் எடுத்து ஒருவருக்கு மதிப்பெண் போடுவது, பரீட்சையில் பத்துக் கேள்விக்கு விடை எழுதியவரை இரண்டு விடையை மட்டும் பார்த்துத் தரப்படுத்துவதுபோல.

2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் நிறைவேறிய விதம் இதை நன்றாகக் காட்டும். இரண்டாம் வாசிப்பில் பெயர்வாரி வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 108, எதிர்ப்பு 62. கூட்டிப் பார்த்தால் 170. மிச்சம் ஐம்பத்தைந்து ஆசனங்களில் வாக்கு இல்லை. இது முகநூலில் எழுதுகிற ஒவ்வொருவரையும் தொடுகிற சட்டம். அதற்குப் பிறகு குழுநிலையில் திருத்தங்கள் சேர்க்கப்பட்டு, மூன்றாம் வாசிப்பு வாக்கெடுப்பில்லாமலே முடிந்தது. உயர்நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் உள்ளே வரவில்லை என்று அப்போதைய யாழ்ப்பாண உறுப்பினர் சுமந்திரன் உள்ளிட்ட எதிர்க்கட்சியினர் சொன்னார்கள். சபாநாயகர் மஹிந்த யாப்பா அபேவர்தனவுக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது. மார்ச் 21ஆம் திகதி 75க்கு 117 என்று தோற்றது. ஒருவர் "ஆம்" என்று போட்டது எந்த வாசகத்துக்கு என்பதே சர்ச்சையானால், அந்த "ஆம்" என்ற சொல்லை மட்டும் ஒரு அட்டவணையில் ஏற்றி என்ன பிரயோசனம்?

இதைவிடப் பெரிய ஓட்டை 2022 ஜூலை 20. கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டுப் போனபின், ஜனாதிபதியை மக்கள் அல்ல, பாராளுமன்றமே தெரிவுசெய்தது. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. செல்லாத வாக்கு 4. 1981ஆம் ஆண்டின் சட்டப்படி அது இரகசிய வாக்கெடுப்பு. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு டலஸுக்கு ஆதரவு என்று அறிவித்திருந்தது. முடிவு வந்த கையோடு, கூட்டமைப்பில் யார் உண்மையில் யாருக்குப் போட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. ஆளுக்கு ஆள் விரல் நீட்டினார்கள். நிரூபிக்க வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. அன்றைக்குச் சந்தேகமில்லாமல் தெரியக்கூடியதாக இருந்த நிலைப்பாடு வாக்களிக்காமல் ஒதுங்கிய இரண்டு பேருடையது: கஜேந்திரகுமார் பொன்னம்பலம், செல்வராசா கஜேந்திரன். அந்தப் பாராளுமன்றக் காலத்தின் அதிமுக்கியமான வாக்கில், வாக்களிக்காதவர்களின் கணக்கு மட்டுமே துலக்கமாக நிற்கிறது.

உறுப்பினரின் வாக்கு அவருடையதுதானா என்ற கேள்வியும் இருக்கிறது. 99ஆம் உறுப்புரையின் 13ஆம் பிரிவு, கட்சியிலிருந்து நீக்கப்படுபவர் ஆசனத்தையும் இழக்கலாம் என்கிறது; உயர்நீதிமன்றத்தில் முறையிட ஒரு மாதம் உண்டு. நீண்டகாலம் இது பெரும்பாலும் பயமுறுத்தலாகவே இருந்தது, தாவியவர்கள் பலர் நீதிமன்றத்தில் தப்பினார்கள். 2010 செப்டெம்பர் 8ஆம் திகதி பதினெட்டாவது திருத்தம் 161க்கு 17 என்று நிறைவேறியபோது, கூட்டமைப்பின் அம்பாறை உறுப்பினர் பியசேன அரசுப் பக்கம் போனார், ஆசனம் போகவில்லை. மாறாக, வரவு செலவுத் திட்டத்துக்குக் கட்சித் தீர்மானத்தை மீறி ஆதரவளித்த மட்டக்களப்பு உறுப்பினர் நசீர் அஹமதை முஸ்லிம் காங்கிரஸ் நீக்கியது. 2023 ஒக்டோபரில் உயர்நீதிமன்றம் அதைச் சரியென்றது, அமைச்சராக இருந்தவர் ஆசனமிழந்தார். ஒரு வாக்குக்கு இவ்வளவு விலை என்றானபின், தனி உறுப்பினரின் வாக்குப் பட்டியல் என்பது பெரும்பாலும் கட்சிக் கொறடாவின் பட்டியல். கட்சி சொன்னதிலிருந்து விலகிய இடங்களைத் தேடிப் பிடிப்பதில்தான் ஆளைப்பற்றிய தகவல் இருக்கிறது. 1968இன் நவரத்தினம் அப்படி ஒரு இடம்.

வாக்கில் கிடைக்காதது பேச்சில் கிடைக்குமா? ஓரளவுக்கு. கொழும்பிலுள்ள வெரிட்டே ரிசேர்ச் நிறுவனம் 2010களின் முற்பகுதியில் மந்திரி.எல்கே என்ற மும்மொழித் தளத்தைத் தொடங்கியது. ஹன்சாட்டை வரிவரியாகப் படித்து, யார் எந்த விடயத்தில் என்ன வகைப் பங்களிப்புச் செய்தார் என்று குறியிட்டு, உறுப்பினர்களைத் தரவரிசைப்படுத்துவது அதன் வேலை. கூச்சல் குழப்பத்தை ஆக்கபூர்வமான பேச்சோடு சேர்த்து எண்ணாமல் இருக்க முயன்றது அதன் நல்ல குணம். அதுவரை "எங்கட எம்.பி அங்கை வாயே திறக்கிறேல்லை" என்பது தேநீர்க்கடைக் குற்றச்சாட்டு, அதன்பின் அது சரிபார்க்கக்கூடிய குற்றச்சாட்டு.

ஆனாலும் தரவரிசையை அப்படியே விழுங்கக்கூடாது. பேசும் நேரம் உறுப்பினரின் கையில் இல்லை. விவாத நேரம் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கிடப்படுகிறது; ஓர் ஆள் கட்சிக்குச் சில நிமிடங்கள்தான். அமைச்சர் பதில் சொல்பவர், கேள்வி கேட்பவர் அல்லர். 2019 முதல் 2024 வரை கடற்றொழில் அமைச்சராக இருந்த டக்ளஸ் தேவானந்தாவையும் அவரிடம் கேள்வி கேட்ட எதிர்க்கட்சி உறுப்பினரையும் ஒரே தராசில் போடமுடியாது. வரவும் ஏமாற்றும். சபை வழமையாக மாதத்தில் எட்டு நாட்கள் கூடுகிறது. குறைந்தபட்ச வருகை இருபது பேர்; பின்னேரங்களில் அந்த இருபது பேரும் இல்லாமல் மணி அடித்த நாட்கள் உண்டு. காலையில் வந்தவர் என்பது மாலையில் இருந்தவர் என்பதற்குச் சாட்சியல்ல.

ஹன்சாட்டையே கையில் எடுத்துப் பார்ப்போம். மேலட்டையில் மூன்று மொழித் தலைப்பு. அதிகார அறிக்கை என்ற சொல்லுக்குக் கீழே, முதலில் வெளியாகும் பிரதியென்றால், பிழை திருத்தப்படாதது என்ற குறிப்பு. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்தி. எண் போடப்பட்டிருப்பது பத்திகளுக்கு. பேசுபவரின் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மூன்று முறை வரும். அதற்குக் கீழே வரும் பேச்சு, அவர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியில் மட்டும். சபைக்குள் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. அச்சில் அது இல்லை. ஆகவே யாழ்ப்பாண உறுப்பினர் தமிழில் ஒரு பக்கம் கேட்டது வேலணை வாசகருக்கு விளங்கும். அதற்கு அமைச்சர் சிங்களத்தில் சொன்ன பதில் விளங்காது. கேள்வி கையில், பதில் கண்ணுக்கு முன்னால், நடுவில் ஒரு மொழி. பதில் நீளமாக இருந்தால் அமைச்சர் அதை வாசிக்காமல் சபாபீடத்தில் வைத்துவிடுவார். பதில் ஆயத்தமாக இல்லையென்றால் கால அவகாசம் கேட்பார். கேள்வி இன்னொரு நாளுக்குப் போகும். எண்ணிக்கை பார்க்கும் தளங்களில் கேள்வி கேட்டதற்குப் புள்ளி விழுந்துவிடும், பதில் வராமற் போனதற்கு யாருக்கும் புள்ளி குறையாது. தமிழ் உறுப்பினர்கள் சிலர் முக்கியமான உரைகளை ஆங்கிலத்தில் நிகழ்த்துவது இன்னொரு சிக்கல்: தூதரகங்கள் வாசிக்கும், வாக்களித்தவர் வாசிக்கமாட்டார்.

ஏட்டில் ஏறியதெல்லாம் ஏட்டில் தங்குவதும் இல்லை. ஒவ்வாத சொற்களை அகற்றும்படி சபாநாயகர் கட்டளையிடலாம்; அந்த இடத்தில் நீக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் நிற்கும். 2025 மார்ச்சில் சபாநாயகர் ஜகத் விக்கிரமரத்ன, அர்ச்சுனாவின் பேச்சுகளை எட்டு அமர்வு நாட்களுக்கு நேரடியாக ஒளிபரப்பக்கூடாது என்று உத்தரவிட்டார். அவருடைய பேச்சு நடைக்கு வக்காலத்து வாங்கவேண்டியதில்லை. பலருக்கு அது முகம் சுளிக்க வைத்தது. ஆனால் அவரை அனுப்பிய வாக்காளருக்கு அந்த எட்டு நாட்களும் தங்கள் உறுப்பினர் என்ன சொன்னார் என்பதை அன்றே அறியும் வழி அடைபட்டது. மறுபக்கம் முகநூல் துணுக்குகள். பத்து நிமிட உரையில் ஆவேசமான நாற்பது விநாடி கைத்தொலைபேசியில் சுற்றும். மீதி ஒன்பது நிமிடத்தில் எண்களும் கோரிக்கைகளும் இருந்திருக்கலாம், அல்லது ஒன்றுமே இல்லாதிருந்திருக்கலாம். பாராளுமன்றத்தின் யூடியூப் பக்கத்தில் முழு அமர்வும் கிடக்கிறது. அதைப் பொறுமையாகப் பார்க்கிறவர் யார்?

பேச்சு, வாக்கு, சட்டம், கடல் என்ற நான்கையும் ஒரு நூலில் கோத்துப் பார்க்கத் தீவகத்துக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்ய எம். ஏ. சுமந்திரன் 2015இல் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வரும் தனிநபர் சட்டமூலங்கள் சட்டமாவது அரிது. இது 2017 ஜூலை 6ஆம் திகதி நிறைவேறி, 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமானது. நெடுந்தீவுக் கடலில் இந்திய இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போவதை அன்றாடம் காணும் தொழிலாளிக்கு, தன் பிரதிநிதிகளில் ஒருவர் சபையில் செய்த வேலையைத் தொட்டுக் காட்டக்கூடிய ஆவணம் அது. எந்தத் தரவரிசையிலும் இது உச்சப் புள்ளி பெறவேண்டும்.

கடலில் என்ன நடந்தது? சட்டம் புத்தகத்தில் இருந்தது, இழுவை நிற்கவில்லை. 2021 ஒக்டோபர் 17ஆம் திகதி, அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்து என்று கேட்டு முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுப் பேரணி போனது. முன்னின்றவர்களில் சுமந்திரனும் ஒருவர். சட்டம் இயற்றியவரே அதை அமல்படுத்தக் கேட்டுக் கடலில் இறங்கவேண்டியிருந்தது. 2024இல் அவர் ஆசனத்தை இழந்தார். கடற்றொழில் அமைச்சராக அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் இருந்த டக்ளஸும், 1994 முதல் விடாமல் வைத்திருந்த ஆசனத்தை அதே தேர்தலில் இழந்தார். வாக்காளர் இரண்டு பேரையும் இழுவைமடிக் கணக்கில் வைத்துத் தோற்கடித்தார்கள் என்று எண்ண இடமில்லை; நாடு முழுவதும் வீசிய காற்று அது. பாராளுமன்றப் பதிவு தேர்தல் முடிவைத் தீர்மானிக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு தோல்விகளையும் விளக்கச் சிரமப்படுவார்கள்.

இலங்கைக்கு வெளியிலும் இந்தக் கணக்கெடுக்கும் விளையாட்டின் தந்திரங்கள் பழசு. பிரித்தானியாவில் தன்னார்வலர்கள் 2004இல் தொடங்கிய தேவேர்க்ஃபோர்யூ என்ற தளம் ஒவ்வொரு உறுப்பினரின் பேச்சையும் வாக்கையும் தனிப்பக்கத்தில் அடுக்கியது. இரண்டு வருடத்துக்குள், எண்ணிக்கையில் ஏறுவதற்காகவே சிலர் சின்னச் சின்னக் குறுக்கீடுகள் செய்கிறார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. தளம் நடத்தியவர்கள் அதற்குக் கேலியாகப் பதில் சொன்னார்கள்: உறுப்பினர் பேச்சில் மூன்று சொற்கள் மோனையில் அமைந்த தொடர்கள் எத்தனை வந்தன என்று ஒரு கணக்கையும் சேர்த்துப் போட்டார்கள். எண்ணத் தெரிந்ததெல்லாம் எண்ணத்தக்கதல்ல என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது. இந்தியாவில் 2005இல் உருவான பிஆர்எஸ் என்ற ஆய்வு நிறுவனம் வரவு, கேள்வி, தனிநபர் மசோதா ஆகியவற்றைக் கணக்கிடுகிறது. அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை என்பதால் அவர்கள் கணக்கிலேயே இல்லை. குரல் வாக்கின் பிரச்சினை அங்கும் உண்டு. 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில், பெயர்வாரி வாக்கெடுப்புக் கேட்டு உறுப்பினர்கள் கத்திக்கொண்டிருக்கக் குரல் வாக்கிலேயே நிறைவேற்றப்பட்டன.

கனடாவின் நிலை தீவகத்தாருக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அவர்களில் பலர் அங்கேதான். ஸ்காபரோவில் வசிக்கும் வேலணைக்காரர் ஒருவர் தன் தொகுதியின் ஒரே உறுப்பினரின் பெயரைக் கீழவையின் தளத்தில் தட்டினால், பதிவான வாக்கெடுப்புகளில் அவர் அளித்த வாக்குகள் வரிசையாக வரும். அவருடைய அண்ணன் வேலணை வங்களாவடிச் சந்தியில் இருந்துகொண்டு, தன் ஆறு பிரதிநிதிகளில் ஒருவர் சென்ற மாதம் எப்படி வாக்களித்தார் என்று தேடினால், பெயர்வாரி வாக்கெடுப்பு நடந்ததா என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

அப்படியானால் தீவகத்து வாசகர் எதைப் பின்தொடரலாம்? ஆளைப் பின்தொடர்வதைவிட விடயத்தைப் பின்தொடர்வது லாபம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2021இல் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்கப்பட்டு, இந்தியா ஆட்சேபித்து, 2024 மார்ச்சில் இந்திய மானியத்தோடு வேறு கையில் போனது. இந்த மூன்று தீவுப் பெயர்களையும் ஹன்சாட்டில் தேடி, யார் கேட்டார், யார் பதிலளித்தார், என்ன திகதி வாக்குறுதியானது என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், ஆறு உறுப்பினர்களின் தரமும் தானாக வெளியே வரும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் கடற்றொழில், போக்குவரத்து, நீர்வழங்கல் அமைச்சுகளுக்கான நாட்களைப் பார்த்தாலே பாதி வேலை முடியும். சிங்களப் பதிலை மொழிபெயர்க்க இன்று கைத்தொலைபேசியே உதவும். அச்சில் தமிழ் வரவேண்டும் என்ற கோரிக்கையை அதற்காக விட்டுவிடத் தேவையில்லை.

உண்மையில் தீவகத்தின் குடிநீர், படகு, வீதி, பேருந்து பற்றிய பேச்சு நடப்பது தியவன்னாவில் அல்ல. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும்தான். உறுப்பினர்கள் அங்கே உட்கார்கிறார்கள், அதிகாரிகளைக் கேள்வி கேட்கிறார்கள், சில நாட்களில் ஆளுக்காள் சண்டையும் பிடிக்கிறார்கள். சண்டை மட்டும் மறுநாள் பத்திரிகையில் வரும். அங்கே ஹன்சாட் இல்லை. மந்திரி.எல்கே அதை எண்ணுவதில்லை. ஆனால் கூட்ட அறிக்கை எழுதப்படுகிறது, பிரதேச செயலகத்தில் கோப்பில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வேலணைப் பிரதேச செயலகமும் ஒரு பகிரங்க அதிகாரசபை. தகவல் அலுவலருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்லத் தேவையில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்குக் குறித்தளிக்கப்பட்ட அலுவலர், அதற்கு மேல் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. கடந்த கூட்டத்துக்கு ஆறு பேரில் யார் வந்தார்கள், இறங்குதுறை பற்றி என்ன தீர்மானம் எடுத்தார்கள், அதற்கு முந்தைய கூட்டத்தின் தீர்மானம் என்ன ஆனது என்ற மூன்று கேள்வியும் ஒரே விண்ணப்பத்தில் அடங்கும்.